தூக்க ஏலாத கை

பந்து நெஞ்சில் பட்டுப் பட்டுத்தான் எனக்கு அந்த நோய் வந்ததாம். கல்லடியில் எங்கள் தெருவில் அப்படி ஒரு கதை உலவியது. என் முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை. மீன் வாங்கப் போன இடத்தில் அக்கா கேட்டுக்கொண்டு வந்தா. சொல்வதா விடுவதா என்று கொஞ்ச நாள் மனதுக்குள் வைத்திருந்துவிட்டு, ஒரு மத்தியானம் சோறு போடும்போது சொன்னா.

"அப்பிடியும் இரிக்குமோ புள்ள?" என்று கேட்டா. அவவும் பாதி நம்பிவிட்டா என்று எனக்குத் தெரிந்தது.

நான் பாடசாலையில் உடற்கல்வி டீச்சர். வலைப்பந்து பழக்குவதுதான் என் வேலை, என் ஆசை, எல்லாம். படிக்கிற காலத்தில் மாவட்ட அணியில் விளையாடினேன். கல்யாணம் கட்டிய பிறகும் பந்தை விடவில்லை. விடியப்புறம் கடற்கரை மணலில் ஓடுவேன். பின்னேரம் பிள்ளைகளோடு மைதானத்தில் நிற்பேன். காய்ச்சலுக்குக்கூட லீவு போட்டதில்லை. உடம்பு என்பது நான் சொன்னதைக் கேட்கிற ஒன்று என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒரு பின்னேரம் தோளுக்கு மேலால் பந்தை எறியும் விதத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். வலது கக்கத்துக்குள் சுருக்கென்று ஒரு நோவு. தசை பிடித்துவிட்டது என்று நினைத்தேன். பிள்ளைகளுக்கு என்ன சொல்வேனோ அதையே எனக்கும் செய்தேன்: கையை உயர்த்தி, நீட்டி, மற்றக் கையால் கக்கத்தைத் தேய்த்துவிட்டேன். விரலில் ஏதோ தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவு. தேய்க்கத் தேய்க்க அது கரையவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஆஸ்பத்திரி, படம், ஊசி போட்டு எடுத்த பரிசோதனை, முடிவு. வலது மார்பையும் கக்கத்துக் கட்டிகளையும் எடுக்க வேண்டும், அதற்குப் பிறகு கீமோ, கடைசியில் கதிர் சிகிச்சை என்றார் டொக்டர். அவர் சொல்லி முடித்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "நான் திரும்ப எப்ப பந்து எறியலாம்?" டொக்டர் பேனையை வைத்துவிட்டு என்னை ஒருக்கால் பார்த்தார். "முதல்ல இதை முடிப்பம்" என்றார்.

என் மனிசன் கத்தாரில் பாரவண்டி ஓட்டுகிறார். லீவு கிடைக்கவில்லை. எங்களுக்குப் பிள்ளைகளும் இல்லை. அதனால் அக்கா வந்தா. அக்கா இருப்பது வாவிக்கு மற்றக் கரையில், படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைக்கு அங்கால். நெல் விளைந்து வேளாண்மை வெட்டு நடந்துகொண்டிருந்த நேரம். வயல் வட்டையையும் வெட்டுகிற ஆட்களையும் அத்தான் தலையில் போட்டுவிட்டு, இரண்டு உடுப்புப் பையோடும் ஒரு மூட்டை அரிசியோடும் வந்து இறங்கினா. "நீ எழும்பி நடக்கிற மட்டும் நான் போகமாட்டன்" என்றா.

அறுவை முடிந்த மறுநாளே வார்டுக்கு ஒரு பிசியோ மிஸ் வந்தா. மெலிந்த, சிரித்த முகமுள்ள பெண். என் வலது கையைத் தன் கைக்குள் எடுத்து, விரலை மடக்கி விரிக்கச் சொன்னா, முழங்கையை மடக்கச் சொன்னா.

"வீட்ட போனதும் சுவரில விரலால மெல்ல மெல்ல ஏறுங்க டீச்சர். நோகும். நோவு கூடினா நிப்பாட்டுங்க, ஆனா செய்யிறத விட்டிடாதீங்க. விட்டா தோள் இறுகிப் போயிரும்."

நான் தலையாட்டினேன். இதைவிடக் கடினமானதை எல்லாம் நான் பிள்ளைகளைச் செய்ய வைத்தவள். பக்கத்தில் நின்ற அக்கா தலையாட்டவில்லை. பிசியோ மிஸ் போனதும் என் காதுக்குள் சொன்னா: "அந்தப் புள்ளைக்கு வயசென்ன? தையல் பிஞ்சா அவவா வந்து பாக்கப் போறா? கைய அசைக்காத."

வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அக்காவின் ஆட்சி தொடங்கியது. வெயில் படக் கூடாது, காற்றுப் படக் கூடாது, றால் கூடாது, நண்டு கூடாது. வலது கையை ஒரு தலையணையில் வைத்துவிட்டா, தூங்குகிற குழந்தை போல அதை யாரும் தொடக் கூடாது. சுவரில் விரல் வைத்தால் போதும், அடுப்படியிலிருந்து குரல் வரும். "புள்ள! என்ன செய்யிறாய்?" வீட்டுக்கு வருகிற ஆட்களால் எனக்குக் கிருமி தொற்றிவிடும் என்று கேட்டைப் பூட்டி, திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டா. கேட்டுக்கு வெளியே நின்று சுகம் விசாரித்தவர்களுக்கு அவவே பதில் சொல்லி அனுப்பினா.

பின்னேரம் கத்தாரிலிருந்து அழைப்பு வரும். அதுவும் வீடியோவில். "எங்க, படுத்திருக்கிறியா? காட்டு பாப்பம்." நான் இருந்துகொண்டு கதைத்தால் முகம் மாறும். "அக்கா சொல்றதைக் கேளன். உன்ர விளையாட்டுக் குணத்தை இப்ப காட்டாத." பிறகு போனை அக்காவிடம் கொடுக்கச் சொல்லுவார். அவர்கள் இரண்டு பேரும் என்னைப் பற்றிக் கதைப்பதை, நான் அந்த அறையிலேயே கிடந்து கேட்டுக்கொண்டிருப்பேன். மருந்து குடித்தாளா, சாப்பிட்டாளா, எழும்பினாளா.

கீமோ தொடங்கியதும் எனக்கும் எதிர்த்துக் கதைக்கப் பலமில்லாமல் போனது. மருந்து ஏற்றிய அடுத்த நாட்களில் தண்ணீருக்கும் இரும்பு ருசி. முடி தலையணையில் கழன்று கிடந்தது. கட்டிலிலிருந்து ஜன்னலுக்கும், ஜன்னலிலிருந்து கட்டிலுக்கும். ஜன்னலால் பார்த்தால் பக்கத்து வீட்டு மதிலும், அதற்கு மேலால் வாவியின் ஒரு சிறு துண்டும் தெரியும். அவ்வளவுதான் என் உலகம்.

அதைவிடக் கொடுமை விசில். பாடசாலை மைதானம் எங்கள் வீட்டுக்குக் கிட்ட. பின்னேரம் பயிற்சி தொடங்கும் விசில் எனக்குக் கேட்கும். எனக்குப் பதிலாக வந்தவர் ஊதுகிற விசில். அவர் ஊதும்போது அவசரமாக ஊதி அவசரமாக நிறுத்துவார். பிள்ளைகள் ஓடுகிற சத்தமும், பந்து தரையில் மோதுகிற சத்தமும், யாரோ ஒருத்தி 'இஞ்ச போடு, இஞ்ச போடு' என்று கத்துவதும் காற்றோடு வரும். நான் ஜன்னலைச் சாத்தச் சொல்லுவேன். அக்கா சந்தோசமாகச் சாத்துவா, காற்றுப் படக் கூடாதுதானே.

ஒன்றைச் சொல்ல வேண்டும். கேட்டைப் பூட்டியது அக்காதான். ஆனால் அக்கா கடைக்குப் போன நேரங்களில் வீட்டில் நான் தனியாக இருந்தேன். சுவர் அங்கேதான் இருந்தது. ஒருமுறை விரல்களை வைத்து ஏறப் பார்த்தேன். நெஞ்சுக்குக் குறுக்கே யாரோ தோலை நூல் போட்டு இழுத்துப் பிடித்த மாதிரி ஒரு இறுக்கம். நோவைவிடப் பயம்தான் கூட. எனக்குச் சொல்கேட்ட உடம்பு என்னைத் தெரியாத ஒருத்தி போலப் பார்த்தது. உடனே கையைத் தலையணைக்குத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன். அக்காவின் தடை எனக்கும் வசதியாகத்தான் இருந்தது.

கீமோ முடிந்தது. கதிர் சிகிச்சைக்கு இடம் குறிப்பதற்காக ஆஸ்பத்திரிக்குப் போனோம். குளிரான அறை, அகலமில்லாத கட்டில். என்னை மல்லாந்து படுக்க வைத்தார்கள்.

"வலது கையைத் தலைக்கு மேல தூக்கி, இந்தப் பிடியில வையுங்க அம்மா" என்றார் அங்கே நின்ற தம்பி.

நான் தூக்கினேன். கை தோள் மட்டத்துக்கு வந்து நின்றுவிட்டது. இன்னும் தூக்கு என்று நான் சொல்கிறேன், அது அசையவில்லை. அந்தத் தம்பி முழங்கையைத் தாங்கி மெதுவாக உயர்த்திப் பார்த்தார். நான் போட்ட சத்தத்தில் அவரே பயந்து கையை விட்டுவிட்டார்.

டொக்டர் வந்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நல்லம் என்று இருந்தது. "கை மேல போகாட்டி, கதிர் படவேண்டிய இடத்தில படாது. கையில பட்டுரும். பிசியோவுக்குப் போங்க. கையைப் பழக்கிட்டு வாங்க. நிறைய நாள் தள்ளிப் போடவும் ஏலா."

எத்தனை பிள்ளைகளுக்கு 'கையைத் தூக்கு, இன்னும் மேல, வானத்தைத் தொடு' என்று கத்தியிருப்பேன். அந்தக் கட்டிலில் கிடந்து, உயராத கையைப் பார்த்து அழுதேன். நோய்க்கு அழாதவள் அன்றைக்குத்தான் அழுதேன்.

ஆட்டோவில் திரும்பினோம். பாலத்தில் வரும்போது அக்கா வாவிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தா. வீட்டுக்கு வந்து தேத்தண்ணி போட்டா. எனக்கு ஒன்றைக் கையில் தந்துவிட்டு, அடுப்படி நிலத்தில் இருந்தா.

"அம்மாட புண் உனக்குத் தெரியா" என்றா.

எங்கள் அம்மாவும் இந்த நோயில்தான் போனா. மார்பில் கட்டி வந்ததை அம்மா யாருக்கும் சொல்லாமல் சேலைக்குள் மறைத்து வைத்திருந்தா என்றும், தெரிய வந்தபோது பிந்திவிட்டது என்றும் எனக்குத் தெரியும். அதற்கு மேல் தெரியாது. நான் கடைக்குட்டி, அப்போது சின்னப் பிள்ளை. என்னை அறைக்குள் விடமாட்டார்கள்.

"நான்தான் கழுவினன். கழுவக் கழுவ வாய் பிளந்துகொண்டே போச்சு. கைய இப்பிடி எடுத்தாலும் இரத்தம் வரும். அந்த மணம் இப்பவும் என்ர மூக்கில நிக்குது." அக்கா தன் கக்கத்தைத் தொட்டுக் காட்டினா. "உன்ர தையலப் பாத்த நேரமெல்லாம் எனக்கு அதுதான் புள்ள கண்ணுக்குள்ள வந்தது. பிளந்திருமோ, பிளந்திருமோ எண்டு. அதான் உன்னை அசைய விடல்ல. நான் உன்ர கையையே கெடுத்துப் போட்டன்."

"என்ர தையல் எப்பவோ ஆறிட்டுதுக்கா."

"தெரியும். கண்ணுக்குத் தெரியுது. மனசுக்குத் தெரியல்ல."

அடுத்த நாள் காலையில் அக்காவே ஆட்டோ பிடித்தா. பிசியோ மிஸ் என் கையைப் பார்த்து உதட்டைக் கடித்தா. குறை சொல்லவில்லை. சூடு வைத்து, தோளை மெல்ல அசைத்து, வீட்டில் செய்ய ஒரு வழி சொல்லித் தந்தா. கூரை வளை மரத்தில் ஒரு கயிற்றைப் போட்டு, இரண்டு நுனியையும் இரண்டு கையாலும் பிடித்து, நல்ல கை கீழே இழுக்க நோகிற கை மேலே போக வேண்டும். அக்கா இந்த முறை பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிக் கேட்டா. எவ்வளவு நோவு வரலாம், எந்த நோவு கூடாது, கை வீங்கினால் என்ன செய்வது.

வீட்டுக்கு வந்து விறாந்தை வளையில் கயிறு போட்டோம். நான் கதிரையில் இருந்து இழுத்தேன். நோவு வரப்போகிறது என்று என் இடது கைக்கு முன்னமே தெரிந்துவிடும். வலது கை தோளைத் தாண்டுகிற நேரம் பார்த்து இடது கை தானாக இளகிவிடும். எத்தனை தரம் முயன்றும் அதே இடத்தில் நின்றது.

"விடு, நான் பிடிக்கிறன்" என்றா அக்கா. "போதும் எண்டு நீ ஒரு சொல்லுச் சொல்லு, அந்த இடத்தில நிப்பாட்டுறன்."

அவ கயிற்றின் மற்ற நுனியை வாங்கி, கிணற்றிலிருந்து நிறைந்த வாளியைத் தூக்குகிறவள் போல இல்லாமல், வாளிக்குள் முட்டை இருப்பது போல இழுத்தா. ஒரு விரல் அளவு. நிறுத்தினா. என் முகத்தைப் பார்த்தா. இன்னும் ஒரு விரல் அளவு. அவவின் கண்ணால் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. கயிற்றை மட்டும் இளக விடவில்லை.

"நோகுதா?"

"நோகுது. விடாத."

"போதுமா?"

"இன்னும் கொஞ்சம்."

நான் பல்லைக் கடித்துக்கொண்டு பத்து வரை எண்ணச் சொன்னேன். அக்கா எண்ணினா, நெல்லை மரைக்காலில் அளப்பது போல இழுத்து இழுத்து. எனக்கு அந்த நோவுக்குள்ளும் சிரிப்பு வந்தது. காலையிலும் பின்னேரத்திலும் இப்படியே போனது. கத்தார் அழைப்பு வந்தால் அக்கா போனை எடுத்து, "இப்ப கதைக்க நேரமில்ல தம்பி, நாங்க கை பழக்கிறம்" என்று வைத்துவிடுவா. அவர் ஒன்றும் விளங்காமல் திரும்ப எடுப்பார்.

ஒரு நாள் கை காதுக்கு வந்தது. பிறகு காதைத் தாண்டியது. முழுவதும் நிமிரவில்லை. ஆனால் அந்தப் பிடியைப் பிடிக்க அது போதும் என்றார்கள்.

கதிர் சிகிச்சை கிழமை நாட்களில் தினமும் நடந்தது. கை உயர்ந்ததும் எனக்கு விடுதலை கிடைத்துவிடும் என்று நினைத்திருந்தேன். அங்கேயோ உயர்த்திய கையை அசைக்காமல் கிடக்க வேண்டும். எல்லோரும் வெளியே போய்விடுவார்கள். தடித்த கதவு மூடும். இயந்திரம் என்னைச் சுற்றிப் போகும். மூக்கு அரித்தாலும் சொறிய முடியாது. இத்தனை நாள் அசையாமல் கிடந்தது ஒரு சிறை. அசையப் பழகியது அசையாமல் கிடப்பதற்காக என்பது இன்னொன்று. அங்கே கிடந்து வலைப்பந்து மைதானத்தை மனதுக்குள் கோடு போட்டு, ஒவ்வொரு இடத்திலும் ஒரு பிள்ளையை நிறுத்தி, பந்தைக் கை மாற்றி மாற்றிக் கொண்டுபோவேன். பந்து வளையத்துக்குக் கிட்ட வரும்போது கதவு திறந்துவிடும்.

களைப்பு என்றால் அப்படியொரு களைப்பு. படுத்து எழும்பினாலும் போகாது. "படுக்கப் படுக்கக் களைப்புக் கூடும். ஏலுமான அளவு நடங்க" என்றார் டொக்டர். முதலில் அக்கா வளவுக்குள்தான் நடக்க விட்டா. வீட்டைச் சுற்றிச் சுற்றி, கட்டையில் கட்டிய மாடு மாதிரி. பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலால் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. "வெளியால போறதெண்டா நானும் வருவன்" என்றா அக்கா.

அப்படித்தான் பழைய பாலத்தில் நடக்கத் தொடங்கினோம். வெயில் தாழ்ந்த பிறகு, தலையில் துணி கட்டிக்கொண்டு நானும், விரித்த குடையோடு அக்காவும். எனக்கு நிழல் பிடிக்க வந்தவ என்னை விட்டுவிட்டு முன்னால் போய்விடுவா. வரம்பில் நடந்து பழகிய கால். நான் மூச்சு வாங்கி நிற்க, அங்கே குடை மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருக்கும். பிறகு ஞாபகம் வந்து திரும்பி ஓடி வருவா. "நீயெல்லாம் என்ன விளையாட்டுக்காரி" என்று ஒருநாள் சொல்லிவிட்டு, அதிகமாகச் சொல்லிவிட்டோமோ என்று முகம் சுருங்கினா. நான் சிரித்தேன். மாதக்கணக்கில் என்னை யாரும் கேலி செய்திருக்கவில்லை.

அந்தப் பாலத்தில் வைத்துத்தான் ஒரு தாயைக் கண்டேன். என் அணியில் வளையத்துக்குப் பந்து போடுகிற பிள்ளையின் தாய். நல்ல பிள்ளை, கை தப்பாது. நான் படுக்கையில் கிடந்த காலத்தில் தாய் அவளை அணியிலிருந்து நிறுத்திவிட்டா என்று கேள்விப்பட்டிருந்தேன். என்னைக் கண்டதும் விலகிப் போகப் பார்த்தா. பாலம் ஒடுக்கம். விலக இடமில்லை.

"சுகமா டீச்சர்?" என்றா. பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "மகளை நிப்பாட்டினதுக்குக் கோவிக்காதீங்க. பந்து நெஞ்சில பட்டா வருமெண்டு சொன்னாங்க. எனக்கு ஒரு புள்ளதான்" என்றா.

"பந்து பட்டு இது வராது" என்றேன். "ஓடி ஆடுற உடம்புக்கு வாறது குறைவெண்டுதான் டொக்டர்மார் சொல்லுறாங்க."

அவ நிமிர்ந்து என் தலைத் துணியையும் என் சட்டையின் ஒரு பக்கத்தையும் பார்த்தா. கெட்ட எண்ணத்தில் இல்லை. உண்மையாகவே விளங்காமல் கேட்டா: "அப்ப உங்களுக்கு எப்பிடி டீச்சர் வந்தது?"

எத்தனையோ மாதமாக நானும் அந்தக் கேள்விக்குள்தான் அடைபட்டுக் கிடந்தேன். ஓடினேனே, சுத்தமாகச் சாப்பிட்டேனே, எனக்கு ஏன்? குறைவு என்றால் இல்லை என்று அர்த்தமில்லை. அது எனக்குத் தெரியும். அதை ஒரு தாயிடம் எப்படிச் சொல்வது?

அக்காதான் குடையை மடக்கிக்கொண்டு சொன்னா. "எங்கட அம்மாவுக்கும் இதே வருத்தம் வந்துதான் செத்தவ. அவ சாகிற மட்டும் பந்தைக் கையால தொட்டதில்ல."

தாய் அக்காவைத் திரும்பிப் பார்த்தா.

"இவ விளையாடின உடம்பு, அதான் இவ்வளவையும் தாங்கிக்கொண்டு இந்தப் பாலத்தில நிக்கிறா" என்றா அக்கா. "உங்கட புள்ளைய விளையாட விடுங்க தங்கச்சி."

என்னை அசைய விடாமல் வைத்திருந்த அதே வாய். நான் வாவியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தப் பிள்ளை அந்த வருடம் வரவில்லை. அடுத்த வருடம் வந்தாள், வேறு ஒரு விளையாட்டுக்கு. ஓட்டம். பந்து இல்லாத விளையாட்டு. தாய் அந்த அளவுக்குத்தான் இறங்கி வந்தா. நல்லது, அதுவும் ஓட்டம்தானே என்று விட்டுவிட்டேன்.

நான் திரும்பப் பாடசாலைக்குப் போனேன். வலது கைக்கு இறுக்கமான ஒரு உறை போட்டிருக்கிறேன். பாரம் தூக்கக் கூடாது. பின்னேரமானால் கை வீங்கும். பந்தை இடது கையால் எறிந்து காட்டப் பழகினேன். அது போக வேண்டிய இடத்துக்குப் போவதில்லை. பிள்ளைகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு பொறுக்கி வருவார்கள். ஒவ்வொரு முறையும் ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வரும்போது, "இப்போதைக்கு ஒண்டுமில்ல" என்று சொல்லி அனுப்புகிறார்கள். அந்த 'இப்போதைக்கு' என்கிற சொல்லுக்குள்தான் நான் குடியிருக்கிறேன். நடந்தாலும் ஓடினாலும் அதற்கு வெளியே போக வழியில்லை.

அக்கா விதைப்புக்கு முன் ஊருக்குப் போய்விட்டா. போகும்போது அவவிடம் ஒன்று கேட்டேன். அம்மாவுக்கும் எனக்கும் வந்ததென்றால் அவவும் ஒருமுறை காட்டிப் பார்க்க வேண்டும். "விதைப்பு முடியட்டும்" என்றா. விதைப்பு முடிந்தது. "களை எடுப்பு முடியட்டும்" என்றா. பிறகு வேளாண்மை வெட்டு. ஒரு சனிக்கிழமை சொல்லாமல் போய் இறங்கினேன். அடுப்படியில் என்னைக் கண்டதும் அவவுக்கு விளங்கிவிட்டது. கதவில் சாய்ந்து நின்றா.

"எனக்கு ஏலா புள்ள" என்றா. "ஏதும் இரிக்கெண்டு சொன்னா நான் என்ன செய்வன்?"

"நான் வந்து நிப்பன்."

"உன்ர கையோட நீ என்னத்தப் பிடிப்பாய்?"

"இடது கை இரிக்குதானே."

அக்கா உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு என்னோடு கல்லடிக்கு வந்தா. திங்கட்கிழமை கிளினிக் வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்தா. வட்டையில் நாள் முழுக்க நிற்கிற அந்தக் கால்கள் தரையைத் தட்டிக்கொண்டேயிருந்தன. உள்ளே போய் வந்தா, படம் எடுக்கப் போய் வந்தா. முடிவு வந்த அன்றைக்கு அத்தான் எனக்குப் போன் எடுத்து அக்காவிடம் கொடுத்தார். "ஒண்டுமில்லயாம்" என்றா அக்கா, ஏதோ ஏமாந்துபோனவள் போல. "ஒரு வருசத்தால திரும்ப வரட்டாம்."

போனில் அவவின் பக்கம் நெல் வெட்டு இயந்திரத்தின் சத்தம் கேட்டது. "சரி புள்ள, வைக்கிறன், ஆக்களுக்குச் சோறு குடுக்கணும்" என்று வைத்துவிட்டா.